பிரேக் மிதித்தால் இருக்கை உதறுகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பிரேக் பற்றியவையே மிகுதியாக இருக்கும். அவற்றுள் பழைய கார்களின் பின்சக்கர பிரேக் உதறலைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம்; பிரேக் மிதித்ததும் ‘ஷூ’ எனும் இரண்டு வளைந்த தகடுகள், மேலே உள்ள ‘லைனிங்’ எனும் உராய்வுப் பட்டையோடு, அதன் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். முதல் கடிதத்தில் உள்ள விவரங்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் அதை அதிகம் சுருக்காமல் வெளியிடுகிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். 2007-ஆம் ஆண்டு வாங்கிய சிறிய கார் ஒன்றை, 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து இன்றும் ஓட்டி வருகிறேன். முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம், ஏ.பி.எஸ். கிடையாது. சில மாதங்களாக, வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்போது பிரேக்கை மிதமாக மிதித்தால் இருக்கைக்கு அடியில் ஓர் உதறல் எழுகிறது. பெடலும் காலை மெல்லத் தள்ளுகிறது. ஸ்டீயரிங் மட்டும் அசைவதில்லை. பிரேக் மிதிக்காத வரை வண்டி எந்த வேகத்திலும் அமைதியாகவே போகிறது. எங்கள் பகுதி மெக்கானிக் முதலில் வீல் பேலன்சிங் செய்யச் சொன்னார்; பிறகு முன் டிஸ்க்குகளையும் பேடுகளையும் மாற்றினார்; உதறல் அப்படியே இருக்கிறது. இப்போது பின்பக்க சஸ்பென்ஷனை முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறார். செலவுக்குத் தயங்கவில்லை; எதற்காகச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து செய்ய விரும்புகிறேன்.
— வாசகர், மடிப்பாக்கம்

பதில்: சஸ்பென்ஷன் வேலையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். நோய் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கடிதத்தில் பெரும்பாலும் எழுதிவிட்டீர்கள். முன் டிஸ்க்கில் கோணல் இருந்தால் உதறல் முதலில் ஸ்டீயரிங்கில்தான் தெரியும். பின்சக்கரத்தில் இருந்தால் அது தரைத்தகடு வழியாக இருக்கைக்கு ஏறும். சக்கரத்தின் எடைச் சமநிலை கெட்டிருந்தால் பிரேக் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், பெரும்பாலும் 80 கிலோமீட்டருக்கு மேல், வண்டி அதிரும். உங்கள் கார் பிரேக் மிதிக்கும்போது மட்டும் அதிர்கிறது. பெடல் தள்ளுவதை வைத்து முன்னா பின்னா என்று சொல்ல இயலாது. நான்கு சக்கரங்களுக்கும் போகும் பிரேக் ஆயில் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வருவதால், எந்த மூலையில் கோளாறு இருந்தாலும் அது காலுக்கு வந்து சேரும். பின்பக்க சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தால் உதறல் பெரிதாகத் தெரியலாம், ஆனால் பிரேக் மிதிக்கும்போது மட்டும் எழும் உதறலை அவை தாமாக உண்டாக்குவதில்லை.

இதை உறுதி செய்துகொள்ள, காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஹேண்ட் பிரேக் உங்கள் காரில் கம்பி வழியாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. முன் டிஸ்க்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதிகாலையில், காய்ந்த, நேரான, பின்னால் வண்டி எதுவும் வராத ஒரு சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் லீவரின் நுனிப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுங்கள். அதே உதறல் எழுந்தால் குற்றவாளி பின் டிரம்தான்; அப்போது லீவரே உங்கள் கையில் துடிப்பதை உணர்வீர்கள். உதறல் இல்லாமல் வேகம் சீராகக் குறைந்தால் முன்பக்கத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். பொத்தானை விட்டுவிட்டு இழுத்தால் லீவர் பல்லில் மாட்டிக்கொண்டு பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வண்டி பக்கவாட்டில் சுழலும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: ஹேண்ட் பிரேக் இழுக்கும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியாது, ஆகையால் பின்னால் வருபவருக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது. மழைநாளில் இந்தச் சோதனை கூடவே கூடாது.

உதறலின் எண்ணிக்கையும் ஒரு தகவல் தரும். 12 அங்குல வீல் கொண்ட சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் உருளும். அதனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 சுற்று. 20 கிலோமீட்டரில் 3 சுற்றுதான். வேகம் குறையக் குறைய உதறலின் துடிப்பும் மெதுவாகி, நிற்கப்போகும் நேரத்தில் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அளவுக்கு வந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு தள்ளல் என்றால் டிரம் மையம் விலகி ஓடுகிறது: டிரம் பொருந்தும் நடுப்பாகமான ஹப்பின் முகத்தில் துரு, பேரிங் ஆட்டம் அல்லது லேத்தில் தவறாகப் பிடித்துக் கடைந்தது போன்ற காரணங்கள் இருக்கலாம். சுற்றுக்கு இரண்டு தள்ளல் என்றால் டிரம் ‘ஓவல்’ ஆகிவிட்டது. நசுங்கிய வளையலைப் போல அதன் உள்வட்டத்தில் எதிரெதிரே இரண்டு இடங்கள் குறுகியிருக்கும். குறுகிய இடம் வரும்போதெல்லாம் அது இரண்டு ஷூக்களையும் உள்ளே தள்ளும். ஷூக்கள், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் அவற்றை விரிக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்களைத் தள்ளும். பிரேக் ஆயில் பின்னோக்கி ஓடிப் பெடலை உயர்த்தும். டிரம் சுழலும் திசையிலேயே இழுபட்டுத் தன்னைத்தானே மேலும் இறுக்கிக்கொள்வது முன்புற ஷூவின் இயல்பு என்பதால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடுகூட இருக்கைக்குக் கேட்கும் அளவுக்குப் பெருகிவிடுகிறது.

இனி எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். சமதரையில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அருகில் உட்காரக் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்னொருவர் லீவரை ஒவ்வொரு பல்லாக இழுக்கட்டும். நல்ல டிரம்மில் உரசல் ஏறக்குறைய ஒரே சீராக ‘சர்ர்ர்’ என்று தொடரும். ஓவலான டிரம்மில் சக்கரம் சில இடங்களில் தாராளமாகவும் சில இடங்களில் கனமாகவும் சுற்றும். ‘சர்… சர்…’ என்று விட்டுவிட்டுக் கேட்கும். இதே நிலையில் டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். தட்டும் ஆட்டம் தெரிந்தால் பேரிங்கை முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஆடும் பேரிங்கின் மேல் எவ்வளவு நேர்த்தியான டிரம்மைப் போட்டாலும் அது நேராக ஓடாது.

டிரம்மைத் திறக்கும்போது ஒரு பழக்கத்தைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். நம் ஷெட்டுகளில் டிரம் கழன்றதும் கம்ப்ரசர் காற்றைப் பாய்ச்சி உள்ளிருக்கும் கருந்தூளை ஊதிவிடுகிறார்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்த காலம் உண்டு. உங்கள் காரில் இப்போது இருப்பது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தூள் வேலை செய்பவரின் நுரையீரலுக்குத்தான் முதலில் போகிறது. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் போதும். உதவிக்கு நிற்கும் பையனுக்கும் ஒரு முகக்கவசம் கொடுக்கச் சொல்லுங்கள்.

திறந்தபின் பார்க்க வேண்டியவை சில. டிரம்மின் உட்புறம் ஒரே சாம்பல் நிறமாகப் பளபளக்க வேண்டும். ஷூ வடிவிலேயே துருப்பட்டை பதிந்திருந்தால் அது நெடுநாள் ஈரத்தில் ஹேண்ட் பிரேக்குடன் நின்றதன் அடையாளம். நீலமும் கறுப்புமாகத் திட்டுகள் இருந்தால் அதிகச் சூட்டில் இரும்பு அங்கங்கே கெட்டிப்பட்டிருக்கிறது என்று பொருள். லேத்தின் உளி அந்த இடங்களில் வழுக்கிக்கொண்டு போகும், கடைந்தாலும் சில நாளில் அவை மறுபடி மேடாகிவிடும். அத்தகைய டிரம்மை மாற்றுவதே சரி. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் வழிந்தால் சிலிண்டருக்கு வேலை இருக்கிறது. லைனிங் 2 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தாலோ, ஆணியடித்த லைனிங்காக இருந்து ஆணித்தலை மேற்பரப்பை நெருங்கியிருந்தாலோ ஷூவை மாற்றிவிடுங்கள்.

பலரும் பார்க்காமல் விடும் இடம், ஷூக்கள் மாட்டியிருக்கும் பின்தகடான பேக் பிளேட். ஷூவின் விளிம்பு சாய்ந்து நகரும் சிறு மேடைகள் அதில் இருக்கும். வண்டி ஓடி ஓடி அந்த மேடைகளில் பள்ளம் விழுந்துவிடும். ஷூ அந்தப் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி விடுபடும்போது எழும் உதறல் ஓவல் டிரம்மின் உதறலைப் போலவே இருக்கும், ஆனால் சுற்றுக்கு இத்தனை என்ற ஒழுங்கு அதில் இராது. விரல் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். ஆழமில்லாத பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தி, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மிளகளவு மட்டும் தடவ வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கிவிடும்.

அதன்பின் அளவு. இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அளக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். டிரம்மின் உள்விட்டத்தை ஒரே இடத்தில் அளந்தால் எதுவும் தெரியாது. 45 பாகை இடைவெளியில் நான்கு குறுக்குவாட்டிலும், ஒவ்வொன்றிலும் வாயருகே ஒரு முறையும் அடியருகே ஒரு முறையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து தாளில் குறிக்கச் சொல்லுங்கள். மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் உங்கள் உதறலுக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. வாயருகும் அடியருகும் வேறுபட்டால் டிரம் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது. எண்களைத் தாளில் பார்த்த பிறகு மெக்கானிக்கும் நீங்களும் வாதாட வேண்டியிராது.

டிரம்மைக் கடைய முடியுமா, புதியது வாங்க வேண்டுமா என்பதைக் கீழே அம்பத்தூர் வாசகருக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன். மறுபடி பூட்டும்போது ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்ற ஐயம் வந்தால் திறக்காத பக்கம் சாட்சியாக இருக்கும். ஷூ மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். வீல் நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக இறுக்காமல், எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கால் வைத்து மிதித்து இறுக்குவதும் காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்குவதும் டிரம்மை மறுபடி கோணலாக்கும் வழிகள். சிறிய கார்கள் பலவற்றுக்கு இறுக்கம் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் அமையும். உங்கள் காருக்கு உரிய எண் கையேட்டில் இருக்கும். புது லைனிங் டிரம்மின் வளைவோடு படிந்து இணங்கக் கொஞ்ச காலம் எடுக்கும். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மென்மையாக, இடைவெளி விட்டு, பல முறை பிரேக் பிடித்துப் பழக்குங்கள். வேளச்சேரி சாலையின் நெரிசலில் ஊர்ந்துகொண்டே பழக்க முடியாது; காலை நேரத்தில் பழக்குவது நல்லது.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வசிக்கிறோம். கார் வாரத்தில் ஒரு நாள்தான் வெளியே போகும். மழைக்காலத்தில் எடுக்கும்போது பின்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தத்துடன்தான் வண்டி நகர்கிறது. முதல் சில பிரேக்குகளில் உதறல் இருந்து, பிறகு போய்விடுகிறது. தானாகவே சரியாகிவிடுவதால் விட்டுவிடலாமா?
— வாசகி, திருவான்மியூர்

பதில்: விட்டுவிட வேண்டாம், சகோதரி. இப்போது இருப்பது துருதான், இன்னும் நோயாக முற்றவில்லை. ஆனால் மேலே மடிப்பாக்கம் வாசகர் எழுதிய நிலைக்குப் போகும் பாதை இதுதான். பிரேக் டிரம் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் உட்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது. ஈரமான ஷூவை ஹேண்ட் பிரேக் ஒரு வாரம் முழுவதும் டிரம்மோடு அழுத்திப் பிடித்திருக்க, உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டால், ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் கேட்கும் ‘டக்’ அந்த ஒட்டு விடுபடும் ஓசை. ஷூ தொட்ட இடம் ஒரு விதமாகவும் தொடாத இடம் வேறு விதமாகவும் துருவேறுவதால் முதல் சில பிரேக்குகளில் உதறுகிறது. லைனிங் அந்தத் துருவைச் சுரண்டிய பின் அடங்குகிறது. ஒவ்வொரு வாரமும் இப்படிச் சுரண்டினால் டிரம்மில் மேடுபள்ளம் நிலைத்துவிடும். சில நேரங்களில் லைனிங்கே ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

சமதரையில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், முதல் கியரிலோ ரிவர்ஸிலோ விட்டு, சக்கரத்துக்கு இரு புறமும் மரக்கட்டையோ கல்லோ வையுங்கள். ஆட்டோமேட்டிக் காரானால் ‘பி’ நிலையோடு கட்டையும் வேண்டும். அடுக்குமாடிகளின் கீழ்த்தளச் சரிவில் நிறுத்துபவர்கள் மட்டும் ஹேண்ட் பிரேக்கைக் கைவிடக் கூடாது. மழையில் ஓட்டி வந்தால் தெருமுனையிலிருந்து வீடு வரை மெல்லப் பிரேக்கை மிதித்தபடி வந்து, டிரம்மின் சூட்டிலேயே ஈரத்தை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். முடிந்தால் வாரத்தில் இன்னொரு முறை வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சக்கரம் மூழ்க நின்ற கார்களைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அப்படி மூழ்கிய டிரம் ஓட்டுவதால் மட்டும் சுத்தமாகாது. உள்ளே புகுந்த வண்டல் வெளியேற வழியில்லை. அது லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே அரைத்துக்கொண்டேயிருக்கும். பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் அப்போது ஓடிய பழைய காரை இப்போது வாங்குபவர்கள், விலை பேசுவதற்கு முன் பின் டிரம் ஒன்றையாவது கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: என் காரில் இடப்பக்கப் பின் டிரம் ஓவலாகிவிட்டது என்று அளந்தே காட்டினார்கள். லேத்தில் டர்னிங் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். டர்னிங் போட்ட டிரம் நிற்காது, புதிதுதான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? மாற்றினாலும் ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: இருவரில் யார் சரி என்பதை டிரம்மில் வார்த்திருக்கும் எண்தான் சொல்லும். பெரும்பாலான டிரம்களில், வெளிமுகத்திலோ உட்புற ஓரத்திலோ, அது தாங்கக்கூடிய மிகப் பெரிய உள்விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். 180 மில்லிமீட்டர் டிரம்மில் 182 என்று இருந்தால், தேய்மானமும் கடைசலும் சேர்ந்து அந்த 2 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். இப்போதே 181.5 வந்துவிட்ட டிரம்மைக் கடைந்து வாங்குவது வீண். கடைந்த சில மாதங்களில் எல்லையைத் தாண்டிவிடும். சுவர் மெலிந்த டிரம் சூட்டில் எளிதாக மறுபடி ஓவலாகும். டர்னிங் நிற்காது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படி மெலிந்த டிரம்களைக் கண்டவர்களாக இருப்பார்கள். எல்லைக்குள் தாராளமாக இடமிருந்து, நீலத் திட்டும் விரிசலும் இல்லாவிட்டால், ஒழுங்காகக் கடைந்த டிரம் புதியதைப் போலவே நடந்துகொள்ளும்.

ஒழுங்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில கார்களில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பாக, பேரிங்கை உள்ளடக்கியதாக வரும். சிலவற்றில் டிரம் தனியாகக் கழன்று வரும். ஒரே வார்ப்பானதை, பேரிங் உட்காரும் இடத்தை மையமாக வைத்தே லேத்தில் பிடிக்க வேண்டும்; தனி டிரம்மை, ஹப்பில் பொருந்தும் நடுத்துளையையும் முகத்தையும் மையமாக வைத்துப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் சிலர் டிரம்மின் வெளிவட்டத்தை மூன்று தாடைச் சக்கில் கவ்விக் கடைந்துவிடுகிறார்கள். வெளிவட்டம் வார்ப்பிலேயே கரடுமுரடானது; அதற்கும் பேரிங்கின் மையத்துக்கும் ஒற்றுமை கிடையாது; கவ்வும் அழுத்தத்தில் டிரம்மும் நெளியும். லேத்தில் இருக்கும்வரை வட்டமாகத் தெரிந்து, கழற்றியதும் கோணலாகிவிடும். உளி வைப்பதற்கு முன், நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து மையம் பார்க்கிறாரா என்று கவனியுங்கள், பார்க்காதவரிடம் கொடுக்காதீர்கள். கடைந்தபின் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத்தூள் புது லைனிங்கில் புதைந்துகொள்ளும். தனி டிரம்மாக இருந்தால் ஹப்பின் முகத்தில் உள்ள துருவையும் எமரித் தாளால் தேய்த்துச் சுத்தமாக்கியபின் மாட்ட வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருச் செதில் அத்தனை உழைப்பையும் கெடுத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் செய்யலாமா என்றால், கூடாது. இரண்டு டிரம்களின் உள்விட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 180, மறுபக்கம் 181.5 என்று இருந்தால் ஷூ படியும் பரப்பு மாறும். ஈரச் சாலையில் ஒரு பின்சக்கரம் முன்னதாகப் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. கடைந்தால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கடையுங்கள்; வாங்கினால் இரண்டையும் வாங்குங்கள். புதுப் பாகங்களுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகள் இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய டிரம் வாங்க நினைப்பவர்கள் வெர்னியரைக் கையோடு எடுத்துச் செல்லட்டும். கழற்றி அடுக்கி வைத்த டிரம்மைக் கண்ணால் பார்த்து ஓவலைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. லைனிங் விஷயத்தில் பெயர் தெரியாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். சென்னையின் பாடி பகுதியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் தொடங்கிய காலம் முதல் பிரேக் பாகங்கள் செய்துவரும் ஊர் இது. உங்கள் அம்பத்தூரிலேயே லைனிங் ஆலை இருக்கிறது. தரமான பொருள் இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும்போது மலிவு லைனிங்கில் உயிரை வைப்பானேன்?

கேள்வி: என் தந்தை காலத்து அம்பாஸடரில் வலப்பக்கப் பின்சக்கரம் பிரேக் மிதித்ததும் வெடுக்கென்று பிடித்து உதறுகிறது. திறந்து பார்த்தால் உள்ளே எண்ணெய். ஷூவைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டிப் போட்டார்கள். சில வாரம் சரியாக இருந்து மறுபடி அதே கதை.
— வாசகர், பெரம்பூர்

பதில்: எண்ணெய் குடித்த லைனிங்கை எப்படிக் கழுவினாலும் அது திரும்பாது, சூடேறும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஊறியது மேலே கசியும். நெருப்பில் காட்டுவது லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையையும் கெடுக்கும். இரு பக்க ஷூக்களையும் மாற்றுங்கள், ஆனால் அதற்கு முன் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கொஞ்சத்தை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள்: கரைந்து கலந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் கசிகிறது. மிதந்தால், கெட்டியாக இருந்து கந்தக வாடையும் அடித்தால், அது டிஃபரன்ஷியல் ஆயில். ஆக்சில் முனையின் ஆயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றும்போது டிஃபரன்ஷியலில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா, ஆக்சிலின் காற்றுத்துளை சேற்றில் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். துளை அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளிவிடும்.

கேள்வி: குடும்பத்துடன் ஏற்காடு போய் இறங்கி வந்தோம். சேலத்தில் உணவு விடுதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பியது முதல் பின்பக்கம் உதறல். போகும்போது இல்லை. மலையில் என்ன ஆகியிருக்கும்?
— வாசகர், சேலையூர்

பதில்: 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கி வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொதிக்கும் டிரம்மோடு வந்து விடுதி வாசலில் ஹேண்ட் பிரேக்கை இறுக்க இழுத்து நிறுத்தியதும், இரண்டு ஷூக்களும் எதிரெதிரே அழுத்திக்கொண்டிருக்க, டிரம் அந்த வடிவிலேயே ஆறிவிட்டது. ஓவல் உண்டாக இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு டிரம்களையும் அளந்து பாருங்கள். லேத் வேலையோடு முடிந்துவிடும் என்றே தோன்றுகிறது. பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அது உதறலுக்குக் காரணமல்ல, ஆனால் ஈரம் உறிஞ்சிய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்துப் பெடலைக் கீழே விட்டுவிடும்: டாட் 3 வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140தான். அடுத்த முறை, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்ததும் சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு, கியரில் போட்டு, கல் வைத்து நிறுத்துங்கள்.

கேள்வி: என் காரில் பின்பக்கமும் டிஸ்க்தான். ஹேண்ட் பிரேக் சோதனை எனக்கும் பொருந்துமா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: காரைப் பொறுத்தது. சில கார்களில் ஹேண்ட் பிரேக் கம்பி, பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் அதே கேலிப்பரை இயக்கி அதே பேடுகளை அழுத்தும். அவற்றில் சோதனை பொருந்தும். சிலவற்றில் டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்றே சிறிய டிரம்மும் ஷூவும் தனியாக இருக்கும். அவற்றில் லீவரை இழுத்து உதறல் இல்லை என்பதால் டிஸ்க் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. பட்டனில் இயங்கும் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ளவர்கள் ஓடும் வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம். உங்கள் காரில் சக்கரத்தைக் கழற்றி, வீல் நட்டுகளை வாஷர் கொடுத்து மறுபடி இறுக்கி டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடித்த நிலையில், டயல் கேஜை வெளிவிளிம்பிலிருந்து சற்று உள்ளே வைத்து மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். முள் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தின் துருவைத் தேய்த்து, மாட்டி மறுபடி அளக்கட்டும். ஆட்டம் அப்போதும் குறையாவிட்டால்தான் புது டிஸ்க்குகள் வாங்கலாம், அதையும் இரு பக்கமும் சேர்த்து.